ஒரே மெஷின், ரெண்டு அளவு: நெஞ்சுக்குள்ள ஓடுற கரண்ட் பத்தி வாசகர் கேள்விகள்

போன தடவை ஈசிஜி பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினேன், "ஆம்பளைக்கு ஒரு அளவு, பொம்பளைக்கு ஒரு அளவு"ன்னு. அவ்ளோதான், கடிதமும் வாட்ஸ்அப் மெசேஜும் வந்து குவிஞ்சிடுச்சு, பாதி பேர் ரிப்போர்ட்டையே போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. ஒண்ணு சொல்லிடறேன், போட்டோ பாத்து நான் வைத்தியம் சொல்ல மாட்டேன். ஆனா பல பேருக்கு ஒரே சந்தேகம் இருக்கறதால இந்த வாரம் முழுக்க இதையே பேசிடுவோம்.

டாக்டர், ஆபீஸ் ஹெல்த் செக்கப்புக்கு நானும் என் வீட்டுக்காரரும் ஒண்ணா போனோம். ஒரே மெஷின், ஒரே டெக்னீஷியன். என் ஈசிஜில நாடித்துடிப்பு 88, க்யூடி 376, க்யூடிசி 455ன்னு போட்டிருக்கு. அவருக்கு துடிப்பு 70, க்யூடி 420, க்யூடிசி 454. என் நம்பர்தான் ஒண்ணு ஜாஸ்தி, ஆனா எனக்கு நார்மல், அவருக்கு "பார்டர்லைன்"னு அடிச்சிருக்காங்க. மெஷின் ரிப்பேரா? அவர் ரெண்டு நாளா சரியா சாப்பிடல.
வாசகி, மடிப்பாக்கம்

மெஷின் நல்லாதான் இருக்கும்மா, முதல்ல அவரை சாப்பிட சொல்லுங்க.

ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தோட கீழ் அறைகள்ல கரண்ட் பரவும், தசை சுருங்கும், அப்புறம் அந்த செல்லு எல்லாம் அடுத்த துடிப்புக்கு மறுபடி சார்ஜ் ஏறி ரெடியாகும். கரண்ட் பரவ ஆரம்பிச்சதுலேர்ந்து சார்ஜ் ஏறி முடியற வரைக்கும் ஆகற நேரம்தான் க்யூடி, மில்லிசெகண்ட்ல சொல்லுவோம். ஈசிஜி பேப்பர்ல சின்ன சின்ன கட்டம் இருக்கும் பாருங்க, ஒரு கட்டம் ஒரு மில்லிமீட்டர், அது 40 மில்லிசெகண்ட். உங்க க்யூடி ஒன்பதரை கட்டத்துக்கும் கொஞ்சம் கம்மி, அவருக்கு பத்தரை. துடிப்பு வேகமானா க்யூடி சுருங்கும், மெதுவானா நீளும், அதனால நேரடியா ஒருத்தரோட ஒருத்தர ஒப்பிட முடியாது. எல்லாரும் நிமிஷத்துக்கு 60 துடிச்சா எவ்ளோ இருக்கும்னு கணக்கு போட்டு மாத்துவாங்க, அந்த மாத்தின நம்பர்தான் க்யூடிசி. 1920ல பேஸட்னு ஒரு இங்கிலாந்து உடலியல் ஆராய்ச்சியாளர் போட்ட கணக்கு, இன்னிக்கும் பெரும்பாலான மெஷின்ல அதான் ஓடுது. அந்த மனுஷன் அப்பவே பெண்களுக்கு இது கொஞ்சம் நீளமா இருக்குன்னு கவனிச்சிருக்கார்.

அதனாலதான் நார்மலோட எல்லையே வேற வேற. பொதுவா ஆம்பளைக்கு 450, பொம்பளைக்கு 460. நீங்க உங்க கோட்டுக்கு அஞ்சு கீழ, அவர் அவரோட கோட்டுக்கு நாலு மேல. நாலு மில்லிசெகண்ட்னா பேப்பர்ல ஒரு கட்டத்துல பத்துல ஒரு பங்கு, பால்பாயின்ட் பேனா கோடு அதை விட தடியா இருக்கும்! இதுக்கா ரெண்டு நாள் பட்டினி?

இன்னொரு விஷயமும் இருக்கு. பேஸட் கணக்கு துடிப்பு வேகமா இருக்கறவங்களுக்கு நம்பரை தூக்கி காட்டும். அதே 1920ல டென்மார்க்ல ஃப்ரிடெரிசியான்னு ஒருத்தர் வேற கணக்கு போட்டார், அதுல உங்க நம்பரை போட்டு பாத்தேன், உங்களுக்கு 427 வருது, அவருக்கு 442. ரெண்டு பேரும் சௌக்கியம். அவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரான்னு மட்டும் டாக்டர்கிட்ட சொல்லி, ஒரு மாசம் கழிச்சு இன்னொரு ஈசிஜி எடுத்துக்கட்டும், போதும்.

ஏன் இந்த வித்தியாசம்னு கேப்பீங்க. பொறக்கும்போது ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் க்யூடில வித்தியாசமே கிடையாது. பையனுக்கு மீசை அரும்புற வயசுல டெஸ்டோஸ்டீரோன் ஏறும், அது செல்லுக்குள்ள சார்ஜ் ஏத்தற பொட்டாசியம் கதவுகளை நல்லா வேலை செய்ய வெச்சு கால்சியம் உள்ள வர்றதை குறைச்சிடும், அதனால அவங்களுக்கு க்யூடி சுருங்கிடுது. அதாவது பொண்ணுக்கு நீளல, பையனுக்குதான் குறைஞ்சிருக்கு. நாம என்னமோ ஆம்பளை அளவை வெச்சுக்கிட்டு பொம்பளைக்கு ஜாஸ்தின்னு பேசிட்டு இருக்கோம், அது எனக்கு எப்பவுமே சிரிப்பா இருக்கும். 50 வயசு தாண்டினா அந்த ஹார்மோன் இறங்க இறங்க ரெண்டு பேருக்கும் உள்ள இடைவெளியும் குறைஞ்சுக்கிட்டே வரும். ப்ராஸ்டேட் கேன்சருக்கு ஹார்மோனை அடக்கற ஊசி போட்டுக்கறவங்களுக்கு க்யூடி மறுபடி நீளும், அந்த பிரச்சனை உள்ளவங்க வீட்ல இருந்தா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மேடம், என் மனைவிக்கு 41 வயசு. மூணு வருஷமா அப்பப்ப திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கழுத்துல கூட துடிக்குதுன்னு சொல்றா. இருபது நிமிஷம், அரை மணி நேரம் இருக்கும். ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரி போறதுக்குள்ள நின்னுடும், ஈசிஜி எடுத்தா நார்மல். டென்ஷன்னு சொல்லி தூக்க மாத்திரை எழுதி குடுத்தாங்க. என் மாமியார் திருஷ்டின்னு பூசணிக்காய் சுத்தி ஒடைச்சிட்டாங்க. நானே இப்ப அவ சும்மா சொல்றாளோன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டேன்.
வாசகர், பெரம்பூர்

அப்படி யோசிக்காதீங்க சார். இந்த கடிதத்துல "கழுத்துல துடிக்குது"ன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்களே, அது போதும் எனக்கு.

அவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க. ஆரம்பிக்கறது ஸ்விட்ச் போட்ட மாதிரி டக்குனு ஆரம்பிக்குதா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா ஏறுதா? நிக்கறதும் அதே மாதிரி டக்குனு நிக்குதா? நின்ன கொஞ்ச நேரத்துல யூரின் வழக்கத்தை விட நிறைய போகுதா? மூணுக்கும் ஆமான்னா, டென்ஷன்னு மட்டும் சொல்லி அனுப்பின டாக்டர் இன்னொரு தடவை பாத்திருக்கணும். பயத்துல, கோவத்துல வர்ற படபடப்பு ஏணில ஏறி ஏணில இறங்கற மாதிரி. இது அப்படி இல்ல.

இதுக்கு பேரு எஸ்விடி, அதுலயும் அதிகமா பாக்கறது ஏவிஎன்ஆர்டின்னு ஒரு வகை, அது ஆம்பளைங்களை விட பொம்பளைங்களுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வருது. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல கரண்ட் கடக்கற ஒரு சின்ன இடம் இருக்கு, ஏவி நோடு, 1906ல தவாரான்னு ஒரு ஜப்பான்காரர் கண்டுபிடிச்சது. சில பேருக்கு அங்க ரெண்டு தடம் இருக்கும், ஒண்ணு வேகமா விடும், இன்னொண்ணு மெதுவா. சாதாரணமா ஒரு தொந்தரவும் இல்ல. ஒரு துடிப்பு நேரம் தப்பி முன்னாடியே வந்துச்சுன்னா வேகத்தடம் இன்னும் ரெடியாகாம மூடி இருக்கும், அது மெதுவான தடம் வழியா இறங்கும், கீழ போய் சேர்றதுக்குள்ள வேகத்தடம் திறந்திருக்கும், உடனே அதுல மேல ஏறும், மறுபடி கீழ, மறுபடி மேல. கத்திப்பாரா மேம்பாலத்துல முதல் தடவை கார் ஓட்டறவங்க தப்பான வளைவுல ஏறிட்டு கிண்டிக்கும் போக முடியாம போரூருக்கும் போக முடியாம சுத்துவாங்களே, அதேதான், இங்க நிமிஷத்துக்கு 150லேர்ந்து 220 சுத்து. மேல் அறையும் கீழ் அறையும் ஒரே நேரத்துல சுருங்கறதால ரத்தம் கழுத்து நரம்புக்கு எத்தும், அதைத்தான் உங்க மனைவி சொல்றாங்க.

பிரச்சனை என்னன்னா, இது நடக்கும்போது எடுத்த ஈசிஜிலதான் தெரியும், நின்னப்புறம் பேப்பர் பளிச்சுனு இருக்கும். ஆம்பளை வந்து "நெஞ்சு அடிச்சுக்குது"ன்னா ஹோல்டர்னு நாள் முழுக்க துடிப்பை பதிவு பண்ற கருவி மாட்டுறாங்க, பொம்பளை வந்து அதையே சொன்னா வீட்ல ஏதாவது பிரச்சனையான்னு கேக்கறாங்க. நானும் டிரெய்னிங் நாள்ல அப்படி கேட்டிருக்கேன், ஒத்துக்கறேன்.

இனிமே வந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு தூரம் போய் நேரத்தை விடாதீங்க, தெரு முனைல ஈசிஜி மெஷின் வெச்சிருக்கற க்ளினிக் எது இருக்கோ அங்க ஓடுங்க, அந்த ஒரு பேப்பர் கிடைச்சா போதும். ஈசிஜி எடுக்கற வாட்ச் யார்கிட்டயாவது இருந்தா அதுல 30 செகண்ட் பிடிச்சு வெச்சாலும் நல்லது.

அதுவரைக்கும் வீட்லயே ஒரு முறை பண்ணி பாக்கலாம், உங்க டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டி கேட்டுட்டு. பத்து எம்எல் சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி, ஊசி இல்லாம, சாஞ்சு உக்காந்துகிட்டு அந்த பிஸ்டன் லேசா நகர்ற அளவுக்கு முக்கி 15 செகண்ட் ஊதணும். முடிஞ்ச உடனே ஒருத்தர் அவங்களை மல்லாக்க படுக்க வெச்சு ரெண்டு காலையும் பாதி உயரத்துக்கு தூக்கி 15 செகண்ட் பிடிக்கணும். 2015ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில இந்த கால் தூக்கற முறைல 100ல 43 பேருக்கு நின்னுச்சு, வெறும் முக்கினவங்களுக்கு 17 பேருக்குதான். பூசணிக்காய்க்கு கணக்கு யாரும் எடுக்கல. கழுத்து நரம்பை பிடிச்சு விடற வேலை மட்டும் வீட்ல வேண்டாம். மயக்கம் வந்தா, நெஞ்சு வலிச்சா, மூச்சு முட்டினா எதையும் பண்ணாம 108க்கு போன் பண்ணுங்க.

அடிக்கடி வந்தா தொடை வழியா கம்பி விட்டு அந்த மெதுவான தடத்தை சூடு வெச்சு அடைக்கற அப்லேஷன் இருக்கு, 100ல 95 பேருக்கு மேல சரியாகிடும், பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்கு வந்துடலாம். ஜிஹெச் கார்டியாலஜி ஓபில போய் ஒரு தடவை காட்டுங்க. மாமியார்கிட்ட சண்டை போடாதீங்க, அவங்களாவது ஏதோ இருக்குன்னு நம்பினாங்க.

வணக்கம் டாக்டர், நான் காலேஜ் செகண்ட் இயர். மயக்கம் வந்துச்சுன்னு ஒரு லேப்ல ஈசிஜி எடுக்க சொன்னாங்க. ஒரு அண்ணா வந்து ட்ரெஸ் மேலயே எதையோ வெச்சுட்டு முகத்தை திருப்பிக்கிட்டு எடுத்தாரு. ரிப்போர்ட்ல "ஆன்டீரியர் சேஞ்சஸ்"னு, அதாவது இதயத்தோட முன்பக்கத்துல மாற்றம்னு வந்திருக்கு. அம்மா அழறாங்க. எனக்கு ஹார்ட் ப்ராப்ளமா?
வாசகி, மேற்கு மாம்பலம்

உனக்கு ஹார்ட் ப்ராப்ளம் இருக்கான்னு அந்த பேப்பரை வெச்சு யாராலயும் சொல்ல முடியாதும்மா, ஏன்னா அதை ஒழுங்கா எடுக்கவே இல்ல.

என் அத்தைக்கு இதே கதை நடந்துச்சு. ஒரு லேப்ல, பேர் வேண்டாம், காட்ராக்ட் ஆபரேஷனுக்கு முன்னாடி ஈசிஜி. பையன் கூச்சப்பட்டு புடவைத் தலைப்பை கூட நகர்த்தாம, ஜாக்கெட் கழுத்துக்கு மேல எங்க இடம் கிடைச்சுதோ அங்க ரப்பர் பல்பை அமுக்கி ஒட்ட வெச்சிருக்கான். ரிப்போர்ட்ல பழைய ஹார்ட் அட்டாக்னு வந்துச்சு. வீடு முழுக்க துக்க வீடு மாதிரி ஆயிடுச்சு, ஆபரேஷன் தள்ளிப்போச்சு. நான் கூட்டிட்டு போய் சரியா வெச்சு எடுத்தேன், ஒண்ணுமே இல்ல.

நெஞ்சுல வைக்கற ஆறு பல்புக்கும் இடம் உண்டு. முதல் ரெண்டும் நடு எலும்போட ரெண்டு பக்கமும் நாலாவது விலா இடுக்குல, நாலாவதா வைக்கற பல்பு அஞ்சாவது இடுக்குல, காரை எலும்பு நடுவுக்கு நேர் கீழ, பொம்பளைங்களுக்கு அது வழக்கமா மார்பகத்தை கொஞ்சம் தூக்கி அதுக்கு அடில வரும். ரெண்டு இடுக்கு மேல போயிட்டா இல்லாத நோயை எல்லாம் பேப்பர் காட்டும். துணி மேல வெச்சா தோலை தொடாம அலை நடுங்கும்.

கூச்சம் புதுசு இல்ல. 1816ல பாரிஸ்ல லேனெக்னு ஒரு டாக்டர் ஒரு இளம்பொண்ணு நெஞ்சுல காது வைக்க சங்கடப்பட்டு ஒரு பேப்பரை சுருட்டி குழாய் மாதிரி வெச்சு கேட்டார், ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பொறந்துச்சு. அவர் கூச்சத்துக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார், நம்ம லேப் அண்ணா முகத்தை திருப்பிக்கிட்டார்.

மறுபடி எடு. லேடி டெக்னீஷியன் வேணும்னு கேளு, ஸ்க்ரீன் போட சொல்லு, மேல ஒரு துணி போத்திக்க குடுக்க சொல்லு, முன்பக்கம் பட்டன் வெச்ச சட்டை போட்டுட்டு போ. அம்மா உள்ள கூட இருக்கலாம். அப்புறம் பேப்பர் மேல் மூலைல வயசும் ஆணா பெண்ணான்னும் சரியா போட்டிருக்கான்னு பாரு. அவசரத்துல முந்தின ஆளோட விவரத்தையே விட்டுடுவாங்க, மெஷின் உன்னை 55 வயசு ஆம்பளையா நெனச்சு படிக்கும். ஹார்ட் அட்டாக்குக்கு பாக்கற எஸ்டி கோடு கூட அதே கதைதான், நெஞ்சுல வைக்கற ஆறுல ரெண்டாவதும் மூணாவதும் காட்டற கோட்டுல (வி2, வி3) பொம்பளைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறினாலே கவனிக்கணும், 40 தாண்டின ஆம்பளைக்கு ரெண்டு, 40க்கு கீழ உள்ள ஆம்பளைக்கு ரெண்டரை. மயக்கம் வந்தது ஏன்னு பாக்கறது தனி விஷயம், அதை விட்டுடாதே, புது ஈசிஜியோட ஒரு டாக்டரை பாரு.

வியாசர்பாடில மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன். எந்தெந்த மாத்திரை பொம்பளைங்களுக்கு ஹார்ட்டை பாதிக்கும்? லிஸ்ட் போட்டு குடுத்தா கடைல ஒட்டி வெச்சுக்கறேன்.
வாசகர், வியாசர்பாடி

லிஸ்ட் ரொம்ப நீளம் சார், ஒட்டினா உங்க ஷட்டர் பத்தாது. ஆனா கேட்டதுக்கு சந்தோஷம், கேக்காத கடைக்காரங்கதான் அதிகம்.

மேல மடிப்பாக்கம் வாசகிக்கு சொன்னேன்ல, சார்ஜ் ஏத்தற பொட்டாசியம் கதவு, அதுல ஒரு கதவை நிறைய மாத்திரைகள் அடைச்சிடும். அடைச்சா க்யூடி நீளும். ரொம்ப நீண்டா டோர்சாட் டி பாயின்ட்னு ஒரு முறுக்கிக்கிட்டு போற துடிப்பு வரும், 1966ல ஒரு பிரெஞ்சு டாக்டர் விவரிச்சது, பேப்பர்ல பாத்தா முறுக்குன கயிறு மாதிரியே இருக்கும். ஆளு சுருண்டு விழுவாங்க, சில பேருக்கு அது தானா நிக்கும், சில பேருக்கு நிக்காது. மாத்திரையால இது வர்றவங்கள்ல மூணுல ரெண்டு பேர் பொம்பளைங்க. கதவு ஏற்கெனவே மெதுவா வேலை செய்யுது, அதுக்கு மேல பூட்டு போட்டா என்ன ஆகும்?

இதுக்கு கொடுத்த விலை ஜாஸ்தி. அமெரிக்கால 1997லேர்ந்து 2000க்குள்ள திரும்ப வாங்கின 10 மருந்துல 8 பெண்களுக்கு அதிக ஆபத்தானதுன்னு அந்த நாட்டு அரசு தணிக்கை அமைப்பே சொல்லுச்சு. அதுல டெர்ஃபெனாடின்னு ஒண்ணு, அலர்ஜிக்கு, தும்மலுக்கு போட்ட மாத்திரை! சிசாப்ரைடுன்னு இன்னொண்ணு, வயிறு உப்புசத்துக்கு, அதை நம்ம நாட்ல 2011லதான் தடை பண்ணாங்க.

இப்ப உங்க கவுன்ட்டர்ல நடக்கறதுக்கு வருவோம். ஒரு அம்மா வர்றாங்க, ரெண்டு நாளா வாந்தி, பேதி. நீங்க என்ன எடுத்து குடுப்பீங்க? வாந்திக்கு ஒன்டான்செட்ரான், வயித்துக்கு டோம்பெரிடோன் கலந்த கேப்ஸ்யூல், கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் இல்லைன்னா அசித்ரோமைசின். நாலுமே க்யூடியை கொஞ்சம் கொஞ்சம் நீட்டற சாமான்தான். தனித்தனியா ஒண்ணும் ஆகாது, லட்சக்கணக்கான பேர் தினம் சாப்பிடறாங்க, நானே எழுதி குடுக்கறேன். ஆனா வாந்தி பேதில பொட்டாசியமும் மக்னீசியமும் உடம்பை விட்டு போயிருக்கும், அந்த அம்மா ஏற்கெனவே பிபிக்கு யூரின் போற மாத்திரை சாப்பிடறவங்களா இருந்தா இன்னும் போயிருக்கும், மேல இந்த மூணையும் ஒண்ணா போட்டா அப்பதான் விவகாரம். டோம்பெரிடோனை ஐரோப்பால 2014லேயே ஒரு தடவைக்கு 10 மில்லிகிராம், நாளைக்கு மூணு தடவை, ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்னு குறைச்சிட்டாங்க, இங்க வருஷக்கணக்கா காலைல எழுந்ததும் காபிக்கு முன்னாடி போடறவங்களை எனக்கு தெரியும். பூஞ்சைக்கு குடுக்கற ஃப்ளூகோனசோல், மலேரியாவுக்கும் மூட்டுவலிக்கும் குடுக்கற க்ளோரோகுயின் வகை, மனநோய்க்கு குடுக்கற ஹாலோபெரிடால், இதயத்துக்கே குடுக்கற சோடலால் எல்லாம் இந்த கூட்டம்தான்.

கடைல லிஸ்ட்டுக்கு பதிலா நாலு கேள்வி கேளுங்க. வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க, வாந்தி பேதி எத்தனை நாளா, எப்பவாவது மயங்கி விழுந்திருக்கீங்களா, வீட்ல சின்ன வயசுல யாராவது திடீர்னு செத்திருக்காங்களா. கடைசி ரெண்டுக்கு ஆமான்னா ஸ்ட்ரிப்பை உள்ள வெச்சுட்டு டாக்டர்கிட்ட அனுப்புங்க. ஓஆர்எஸ் மட்டும் தாராளமா குடுங்க.

என் பையனுக்கு 24 வயசு, வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் டெஸ்ட். ஈசிஜில "இயர்லி ரீபோலரைசேஷன்"னு போட்டு கார்டியாலஜிஸ்ட் ஒபினியன் கேட்டிருக்காங்க. இது ஹார்ட் அட்டாக்கா? நீங்க பொம்பளைங்களை பத்தியே எழுதறீங்க, ஆம்பளைக்கு எதுவும் வராதா?
வாசகர், திருவொற்றியூர்

கோவம் புரியுது அண்ணே, வர்றேன்.

பையன் பேப்பர்ல இருக்கறது பெரும்பாலும் வாலிபத்தோட கையெழுத்து. அதே டெஸ்டோஸ்டீரோன் செல்லு சீக்கிரம் சார்ஜ் ஏற வைக்கும்போது எஸ்டி கோடு ஆரம்பமே கொஞ்சம் தூக்கலா நிக்கும், இளவட்ட ஆம்பளைங்க, விளையாட்டுக்காரங்க பல பேருக்கு இப்படித்தான். மயக்கம் இல்ல, குடும்பத்துல திடீர் சாவு இல்லைன்னா ஒரு எக்கோ, ஒரு ஒபினியன், விசா கிடைச்சிடும்.

ஆனா ஆம்பளைக்கு எதுவும் வராதான்னு கேட்டீங்களே, திடீர்னு இதயம் நின்னு சாகறது பொம்பளைங்களை விட ஆம்பளைங்களுக்குதான் அதிகம். மாரடைப்பு சீக்கிரம் வர்றது ஒரு காரணம். கரண்ட் கோளாறே காரணமா இருக்கறதும் உண்டு, புருகாடான்னு ஒண்ணு, 1992ல அண்ணன் தம்பி ரெண்டு ஸ்பெயின் டாக்டருங்க எழுதினது, ஆம்பளைங்களுக்கு எட்டு பத்து மடங்கு அதிகம். தூக்கத்துல, ராத்திரில, காய்ச்சல் அடிக்கும்போது வரும். பிலிப்பைன்ஸ்ல பங்குங்கோட், தாய்லாந்துல லாய் தாய்னு காலங்காலமா பேரே இருக்கு, நல்லா சாப்பிட்டு படுத்த வாலிபன் விடிஞ்சா எழுந்திரிக்க மாட்டான். வடகிழக்கு தாய்லாந்துல இது விதவைப் பேய் ஆம்பளைங்களை கூட்டிட்டு போற வேலைன்னு நம்பி, ஆம்பளைங்க நகத்துல பாலிஷ் போட்டுக்கிட்டு படுத்த கதையும் உண்டு, பேய் பொம்பளைன்னு நெனச்சு விட்டுடுமாம். பேய் கதைதான், ஆனா ஆம்பளையா இருக்கறதுதான் ஆபத்துன்னு அந்த ஜனங்க சரியா கண்டுபிடிச்சிருக்காங்க பாருங்க. நம்ம ஊர்ல "அமுக்குவான்"னு சொல்றது வேற, அது தூக்கம் பாதில கலைஞ்சு உடம்பு அசையாம இருக்கறது, உயிருக்கு ஒண்ணும் ஆகாது.

உங்க வகையறால யாராவது 45 வயசுக்குள்ள தூக்கத்துலயே போயிருந்தா மட்டும் அதை மறைக்காம கார்டியாலஜிஸ்ட்கிட்ட சொல்லுங்க. வேலை போயிடும்னு மறைக்காதீங்க.

பீரியட்ஸ் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி மட்டும் எனக்கு படபடப்பு ஜாஸ்தியா இருக்கு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா? வீட்ல கேட்டா சிரிக்கறாங்க.
வாசகி, குரோம்பேட்டை

சிரிக்க ஒண்ணுமில்ல, சம்பந்தம் இருக்கு. எஸ்விடி உள்ளவங்களுக்கு மாதவிடாய் சுழற்சியோட பின்பாதில அது அடிக்கடி வர்றதை பாத்திருக்காங்க. வேடிக்கை என்னன்னா அதே பின்பாதில ஏறுற ப்ரொஜெஸ்டிரோன் ஹார்மோன் க்யூடியை கொஞ்சம் சுருக்கும், அதாவது ஒரு பக்கம் தொந்தரவு, ஒரு பக்கம் பாதுகாப்பு. கர்ப்பத்துல துடிப்பு 10லேர்ந்து 20 வரைக்கும் ஏறும், ரத்த அளவே கூடுறதால, அது நார்மல். பிறவிலேயே க்யூடி நீளமா இருக்கற ஒரு குறிப்பிட்ட வகை உள்ளவங்களுக்கு மட்டும் பிரசவம் ஆன அப்புறம் வர்ற மாசங்கள்தான் ரொம்ப கவனமா இருக்க வேண்டிய நேரம், அந்த சமயத்துல அவங்க மாத்திரையை பால் குடுக்கறேன்னு தானா நிறுத்தவே கூடாது.

ஒரு நோட்டுல தேதி, நேரம், எவ்ளோ நேரம் இருந்துச்சுன்னு மூணு மாசம் எழுதுங்க. அதோட ரத்தம் எவ்ளோ போகுதுன்னும் எழுதுங்க, ஏன்னா ஹீமோகுளோபின் கம்மியா இருந்தாலே படபடக்கும். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நம்ம நாட்டு பெண்கள்ல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஹோல்டருக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றதுக்கு முன்னாடி அதை பாத்துடலாம்.

அம்மாவுக்கு 71 வயசு, ஏஎஃப்னு (இதயத்தோட மேல் அறைகள் தாறுமாறா துடிக்கறது) சொல்லி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எழுதினாங்க. அப்பாவோட ஃப்ரெண்டுக்கும் அதே ஏஎஃப், பொம்பளைன்னா ஒரு மார்க் கூடன்னு அந்த மாமா சொல்றார். பொம்பளையா பொறந்ததுக்கு மார்க்கா?
வாசகர், அண்ணா நகர்

மாமா சொன்னது பழைய கணக்கு. ஒரே வயசுல பாத்தா ஏஎஃப் ஆம்பளைங்களுக்குதான் அதிகம், ஆனா வந்துட்டா பக்கவாதம் ஆபத்து பொம்பளைங்களுக்கு கூடன்னு, அந்த ஆபத்தை கணக்கு போடற மார்க் பட்டியல்ல பெண்ணுன்னா ஒண்ணு சேத்திருந்தாங்க. 2024ல வந்த ஐரோப்பிய வழிகாட்டில அந்த ஒரு மார்க்கை எடுத்துட்டாங்க. எடுத்தாலும் அம்மாவுக்கு வயசுக்கே ஒரு மார்க் இருக்கு, பிபியோ சுகரோ இருந்தா அதுக்கும் ஒண்ணு ஒண்ணு, அதனால மாத்திரையை நிறுத்தறதை பத்தி மாமாகிட்ட பேசாதீங்க, எழுதின டாக்டர்கிட்ட பேசுங்க.

வாட்ச்ல என் ரெஸ்டிங் துடிப்பு 84, என் ஹஸ்பெண்டுக்கு 66. "பொம்பளைங்க இதயம் வேகமாத்தான் அடிக்கும், விடு"ன்னு சொல்றார். கரெக்டா? வயசு 29.
வாசகி, வேளச்சேரி

பாதி கரெக்ட். பெண்களோட இதயம் சின்னது, ஒரு துடிப்புக்கு தள்ளற ரத்தம் கம்மி, அதோட துடிப்பை ஆரம்பிக்கற சைனஸ் நோடே இயற்கையா கொஞ்சம் வேகமா அடிக்கும், நரம்போட தாக்கத்தை மருந்து குடுத்து நிறுத்திட்டு அளந்தாலும் அந்த வித்தியாசம் இருக்கு. ஆனா சராசரியா அது மூணுலேர்ந்து அஞ்சு துடிப்புதான். உங்க ரெண்டு பேருக்கும் 18 இருக்கே, மிச்சத்துக்கு அவர் பதில் சொல்லட்டும். அவர் தினம் ஓடறவரா? நீங்க தூங்கறது அஞ்சு மணி நேரமா? 84 நார்மலுக்குள்ளதான், பயம் வேண்டாம். ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு தடவை பாத்துட்டு ரிசல்ட்டோட எழுதுங்க, அதுவரைக்கும் ராத்திரி அந்த வாட்ச்சை கழட்டி வெச்சுட்டு படுங்க.